நாற்பத்தொரு அங்குலக் கதவு

2025 மாசி மாதம் 6ஆம் திகதி, வியாழக்கிழமை, முற்பகல் 11.20. பனி விலகி வெயில் ஏறியிருந்தது. காற்று அதிகமில்லை. மானிப்பாயில் எங்கள் வீட்டு முற்றத்தில், சீமெந்துக் கற்களை அடுக்கி அவற்றின்மேல் ஏற்றி வைத்திருந்த பழைய காரின் இடப்பக்க அடியில் நான் முதல் வெட்டு வெட்டினேன். நல்ல நேரம் முடியப் பதின்மூன்று நிமிடங்கள் இருந்தன. அந்த வெட்டுத்தான் பிழை.

கதவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை செய்ததிலிருந்து காலை மடித்து வாகனத்துக்குள் இழுக்க முடியாது. ஓட்டோ குலுக்கும். வானுக்குப் படி உயரம். சாதாரணக் காரின் கதவு ஒடுக்கம். அதனால் இரண்டு ஆடி அமாவாசைக்கு அவள் கீரிமலைக்குப் போகவில்லை. அங்கே அவளுடைய தம்பி தகப்பனுக்குத் தர்ப்பணம் கொடுக்கும்போது பக்கத்தில் நிற்பது அவள் வழக்கம். இரண்டாவது வருடம் தம்பி புறப்பட்டபோது, "என்ரை பேரிலையும் ஒருக்கா முழுகிப்போட்டு வா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நான் ஓய்வுபெற்ற படவரைஞன். சட்டைப்பையில் எப்போதும் அளவுநாடா இருக்கும். அடுத்த கிழமையிலிருந்து கண்ட காரின் கதவையெல்லாம் அளக்கத் தொடங்கினேன். பதினொரு கார் அளந்தும் முப்பது அங்குலத்தைத் தாண்டவில்லை.

"இஞ்சருங்கோ, நீங்கள் ஆக்களின்ரை வாசலிலை நிண்டு காரை அளக்கிறியளாம். சனம் கதைக்குது" என்றாள் மனைவி.

பண்டத்தரிப்பில் ஒரு திவசத்துக்குப் போன இடத்தில்தான் அதைக் கண்டேன். கொட்டிலுக்குள் கூப்பே என்கிற இரண்டு கதவுக் கார் ஒன்று, அறுபது வருடத்துக்கு முந்தியது. முன் இருக்கையில் கோழி அடைகிடந்தது. பின்னால் இருப்பவர்களும் அதே கதவால்தான் ஏற வேண்டும் என்பதால் இரண்டு கதவுக் காருக்குக் கதவு நீளம். இது தெரிந்த விஷயம்தான்; எனக்கு யோசனையில் வரவில்லை. அளந்தேன். நாற்பத்தொரு அங்குலம். சாப்பிடக் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை.

விலை பேசி வாங்கிய அதை உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து வந்தவன் மனைவியின் தம்பி. வெங்காயத் தோட்டக்காரன். முற்றத்தில் அதை விட்டுவிட்டு ஒரு சுற்று நடந்து பார்த்தான்.

"அத்தான், உது கார் இல்லை. கறளுக்கு ஆரோ நாலு சில்லுப் பூட்டி விட்டிருக்கினம்."

"இயந்திரம் சுத்துது மச்சான்."

"சுத்தும். ஆனால் கால் வைச்சால் நிலத்திலை அல்லோ நிக்குது? ஓடேக்கை நாங்களும் சேர்ந்து ஓடவேணும் போலை."

உண்மைதான். துருப்பிடித்த தரைத்தகட்டில் இருபத்துமூன்று ஓட்டைகள். கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்வரை ஓடும் இரும்புப் பெட்டிதான் இப்படிப்பட்ட காருக்கு முதுகெலும்பு. இடப்பக்கத்தில், அதாவது மனைவி ஏறவேண்டிய பக்கத்தில், அதைக் கறள் தின்று முடித்திருந்தது. ஒரு சிறிய வெல்டிங் மெசின் வாங்கி, பழைய தகரத்தில் இரண்டு மாதம் ஒட்டிப் பழகினேன். முதலில் ஒட்டியதைவிட ஓட்டை போட்டதுதான் கூட.

வேலை தொடங்க மனைவி பஞ்சாங்கம் பார்த்து நேரம் குறித்தாள்: 10.47 முதல் 11.33 வரை. அந்தப் பெட்டியை வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரண்டு தாங்குகம்பி ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் காரின் நடுப்பகுதி கீழே தாழ்ந்துவிடும். இது எனக்குத் தெரியும். கம்பிகளைக்கூட அளந்து அறுத்து வைத்திருந்தேன். 10.40க்குக் கரண்ட் போனது. 11.18க்குத்தான் வந்தது.

"நேரம் போகுது, ஒரு வெட்டெண்டாலும் வெட்டி வையுங்கோ" என்று மனைவி கதிரையிலிருந்து சொன்னாள். அவள் சொன்னது ஒரு வெட்டு. கறள் இரும்பைக் கிறைண்டர் சீவிக்கொண்டு போன சுகத்தில் நான் மற்ற முனையையும் வெட்டிவிட்டேன். ஒன்றும் விழவில்லை. ஒரு சத்தமும் இல்லை. கம்பிகளைச் சுவரில் சாத்தி வைத்தேன். அங்கேயே இருந்துவிட்டன.

புதுப் பெட்டி செய்தேன். தரைக்குத் தகடு மடித்து ஒட்டினேன். மனைவிக்காக ஓர் இருக்கை செய்தேன். இரண்டு வட்டத் தகடு, நடுவில் குண்டுகள். பிடியை இழுத்தால் இருக்கை வாசல் பக்கம் திரும்பும். காலை மடிக்காமல் அமர்ந்து, அப்படியே உள்ளே திரும்பலாம். வீட்டு விறாந்தையில் வைத்து அவளை இருத்தித் திருப்பிப் பார்த்தோம். "கண்காட்சி ராட்டினம் மாதிரிக் கிடக்கு" என்றாள். ஆனால் மூன்று தரம் திரும்பினாள்.

வைகாசி கடைசியில் இடக்கதவைத் திரும்பப் பூட்டினோம். அது சாத்தவில்லை. மேல்மூலை தூணில் முட்டி நின்றது. கீழே விரல் போகும் இடைவெளி. கார் நடுவில் ஒன்பது மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தது. அதன்மேல்தான் நான் நாலு மாதமாக ஒட்டியிருக்கிறேன்.

"கதவை அரைச்சுக் குறைப்பம், அத்தான். இல்லாட்டிக் கயித்தாலை கட்டுவம்."

"உன்ரை அக்காவைக் கயித்தாலை கட்டிக்கொண்டோ போறது?"

"அக்காவை இல்லை. கதவை."

மனைவி சிரிக்கவில்லை. "விடுங்கோ. நான் ஓட்டோவிலை போறன். மெல்ல ஓடச் சொன்னால் போச்சு" என்றாள். மெல்ல ஓடிய ஓட்டோவில் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து இரண்டு நாள் படுத்திருந்தவள் அவள். கதவை அரைத்தால் சாத்தும். ஆனால் வளைந்த கார் ஒவ்வொரு குழியிலும் இன்னும் வளையும், வழியில் கதவு இறுகினால் அவளை எப்படி இறக்குவது? அமாவாசைக்கு ஏழு கிழமைதான் இருந்தது. என் ஒட்டை நானே வெட்டுவது என்று முடிவெடுத்தேன்.

பழைய அளவு எதையும் எடுத்து வைக்கவில்லையே என்று ஒரு நாள் முழுக்கப் புறுபுறுத்தேன். பிறகுதான் வலப்பக்கம் கண்ணில் பட்டது. அதை நான் தொடவேயில்லை. அந்த வாசலை மூலைக்கு மூலை அளந்தால், இந்த வாசல் எப்படி இருந்திருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

"எப்ப வெட்டப் போறியள்?" என்று மனைவி கேட்டாள்.

"இப்ப. கரண்ட் இருக்கு."

அவள் பஞ்சாங்கத்தை எடுத்தாள், பார்த்தாள், மூடினாள். "ராகு காலம்" என்றாள். பஞ்சாங்கத்தை மேசையில் வைத்துவிட்டு, "சரி, வெட்டுங்கோ. நல்ல நேரத்திலை வெட்டிக் கண்டதுதானே" என்றாள்.

முதலில் தாங்குகம்பி, இந்த முறை திருகி நீட்டக்கூடியது. பிறகு வெட்டு. வெட்டிய பெட்டியின் நடுவுக்குக் கீழே கார் தூக்கும் ஜக்கை வைத்து மச்சான் முறுக்க, நான் நாடாவைப் பிடித்தேன். கால் முறுக்கு, அளவு. கால் முறுக்கு, அளவு. இரண்டு வாசலும் ஒரே அளவுக்கு வந்ததும் ஒட்டினேன். ஆறியபின் கம்பிகளை எடுத்துக் கதவைச் சாத்தினேன். ஒரு விரலால் தள்ளினேன், அவ்வளவுதான். மச்சான் கதவைத் திறந்து தானும் ஒருக்காச் சாத்தினான். பிறகு மனைவி வந்து சாத்தினாள்.

நிறம் அவள் தெரிவு. வெள்ளை அடித்தால் செத்தவீட்டு வாகனம் மாதிரி இருக்கும் என்று கடும் நீலம் அடிக்கச் சொன்னாள்.

ஆடி அமாவாசை விடிய ஐந்து மணிக்கு நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்துப் புறப்பட்டோம். பின் இருக்கையில் மச்சான் முழங்கால் நாடியில் இடிக்க இருந்தான்.

"அத்தான், இது மனிசருக்கோ வெங்காயத்துக்கோ?"

"வெங்காயம் வாய் திறக்காது. பேசாமல் இரு."

கீரிமலையில் சனம் நெருக்கியடித்தது. தள்ளித்தான் நிற்பாட்ட முடிந்தது. நான் இறங்கிச் சுற்றி வருவதற்குள் இடக்கதவு திறந்துகொண்டது. இருக்கை வெளியே திரும்பியது. மனைவி இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி, பொல்லைப் பிடித்துத் தானாக எழும்பினாள். நீட்டிய என் கையைப் பார்த்து, "என்ன, கார்த் திறப்போ கேக்கிறியள்? சாவி உங்களிட்டைத்தானே கிடக்கு" என்றாள்.

தம்பி தர்ப்பணம் கொடுத்தபோது அவள் பக்கத்தில் நின்றாள். பிறகு பெண்கள் கேணிப் படியில் அமர்ந்து காலை நனைத்துக்கொண்டு நெடுநேரம் வரவில்லை. நான் வெளியே நின்று ஐந்து தரம் மணி பார்த்தேன்.

திரும்பி வரும்போது, "உண்மையைச் சொல்லுங்கோ, மொத்தம் எவ்வளவு முடிஞ்சுது?" என்று கேட்டாள். அதுவரை பாதிதான் சொல்லி வந்தேன். அன்று முழுவதும் சொன்னேன். காரின் விலை, வெல்டிங் மெசின், தகடு, வெட்டி எறிந்த தகடு, நீல மை, காலையில் நசுங்கிய நாலு தேசிக்காய் எல்லாம் சேர்த்துப் பதினொரு இலட்சத்து முப்பத்தெட்டாயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.