இடுப்பில் இரண்டு தட்டு

எழுந்திருப்பதற்கு முன் ரோஸ்விதா இடது இடுப்பை இரண்டு முறை தட்டிப் பார்த்துக்கொள்வாள். பைக்கிலிருந்து இறங்கும்போது மட்டுமல்ல. பஸ் இருக்கையிலிருந்தும், பல் மருத்துவரின் நாற்காலியிலிருந்தும், தேவாலயப் பெஞ்சிலிருந்தும் அப்படித்தான். குளிர்காலத்தில் அவள் சட்டைக்குள் ஓடும் சூட்டுக் கம்பிக்கு வண்டி பேட்டரியிலிருந்து இடது இடுப்புக்கு ஓர் ஒயர் வரும். பிளக்கைப் பிடுங்காமல் இறங்கினால் வண்டி பின்னாலிருந்து இழுக்கும். சூட்டுச் சட்டை போட்ட முதல் வருஷம் பெட்ரோல் பங்கில் அப்படி இழுபட்டு வண்டியோடு சாய்ந்தாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம்.

ஜெர்மனியின் பாஸாவ் ஊரில் கார் இருக்கை தைப்பது அவள் தொழில். ஐம்பத்து நான்கு வயது. இருக்கைக்குள் வைக்கும் சூட்டுக் கம்பியையே பைக் ஓட்டுகிறவர்களின் சட்டைக்குள்ளும் வைத்துத் தைப்பாள். தைத்த சட்டையை முதலில் மனிதருக்குப் போடமாட்டாள். ரொட்டி மாவின் மேல் போர்த்தி, மின்சாரம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பாள். மாவு ஒரே சீராக உப்பினால் சட்டை தேறியது. ஒரு பக்கம் மட்டும் எழும்பினால் தையலைப் பிரித்துவிடுவாள். "மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பாள்.

ஜனவரிக் கடைசியில் பவேரியக் காட்டுப் பள்ளத்தில் குளிரிலும் பைக் ஓட்டுகிறவர்கள் கூடுவார்கள். மூன்று வாரம் முன்பிருந்தே அவளுக்குக் கால் தரையில் நிற்காது. இந்த வருஷம் பூஜ்யத்துக்குக் கீழே பதினாலு என்று வானொலி சொன்னபோது, கையிலிருந்த கத்தரிக்கோலோடு பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

கூடவே ஒரு பயமும் இருந்தது: அண்ணன் வோல்க்மார். லாண்ட்ஸ்ஹூட்டிலிருந்து தனியாக ஓட்டிவருவான். அறுபத்தொரு வயதிலும் மார்பில் செய்தித்தாள் செருகித்தான் குளிரை அடக்குவான். சூட்டுச் சட்டைக்காரர்களுக்கு அவன் கூட்டம் வைத்த பெயர் 'டோஸ்டர்', ரொட்டி வாட்டும் பெட்டி. போன வருஷம் கடைசி இறக்கத்து வளைவில் விரல் மரத்து, பிரேக் பிடிக்க முடியாமல் பள்ளத்தில் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டான். கைப்பிடியைப் பற்றியபடியே மடங்கிக் கிடந்த அவன் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தியது ரோஸ்விதாதான்.

டிசம்பரில் அவன் வண்டியில் சூடாகும் கைப்பிடிகளை மாட்டி, ஒரு சட்டையையும் தைத்துக் கொண்டுபோனாள்.

"அண்ணே, இதைப் போட்டுக்கிட்டு வா. இல்லேன்னா வராதே."

"போடி. கிழவிங்களுக்கு வெந்நீர்ப் பை. எனக்குச் சனிக்கிழமை பேப்பர் போதும். அதான் தடிமனா வரும்."

"விரல் மரத்துப்போனா பேப்பரா வந்து பிரேக் பிடிக்கும்?"

"போன வருஷம் பனி வழுக்கிச்சு. அவ்வளவுதான்."

"ஆமா, பனிதான் உன் விரலை மடக்கி வெச்சுது."

சட்டையை அவன் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டு, பேட்டரியில் ஒயரை முடுக்கினாள். அவன் தடுக்கவில்லை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

கூட்டம் கூடும் நாளில் நண்பகலுக்கே வந்து கூடாரம் அடித்துவிட்டாள். இரண்டு மணிக்கு வரவேண்டிய வோல்க்மாரை மூன்றரைக்கும் காணோம். சரிவின் உச்சியில் நின்றுகொண்டு, கேட்கிற ஒவ்வொரு இன்ஜினுக்கும் காதைக் கொடுத்தாள்.

"ரோஸி, நெருப்புக்கிட்ட வந்து உக்காரு" என்று கீழிருந்து கத்தினான் அண்ணனின் கூட்டாளி ஃபெர்டல். "உங்கண்ணன் பேப்பரைப் படிச்சு முடிச்சிட்டுத்தான் வருவான்."

அப்போது அந்தத் 'தட் தட்' கேட்டது. அண்ணன் வண்டிதான். முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களையே பார்த்தாள். போன வருஷம் விழுந்த வளைவில் இரண்டு விரல்கள் பிரேக்கின்மேல் லேசாக விரிந்து, பதமாக அழுத்தி, மீண்டும் மூடின. ரோஸ்விதா பனியில் வழுக்கிக்கொண்டே வண்டிக்குப் பின்னால் ஓடினாள்.

வோல்க்மார் நெருப்பருகே வண்டியை நிறுத்தி, கோட்டு ஜிப்பை இறக்கி மார்பைக் காட்டினான்.

"பாத்துக்கங்கடா. போன சனிக்கிழமை பேப்பர். பதினாலு டிகிரி. மனுசன் வர்ற விதம் இது."

காலைத் தூக்கி இறங்கி, நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். இரண்டாவது எட்டில் எதுவோ பின்னால் இழுத்தது. வண்டி சாய்ந்தது. ஃபெர்டல் பாய்ந்து பிடித்தான். கோட்டுக்கடியிலிருந்து வண்டிவரை ஒரு கறுப்பு ஒயர் விறைத்து நின்றது.

"டோஸ்டர் வந்துடுச்சுடா" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"அண்ணாச்சி, எனக்கு ரெண்டு துண்டு வாட்டிக் குடுங்க."

பள்ளமே சிரித்தது. ரோஸ்விதா மட்டும் சிரிக்கவில்லை. மூச்சு வாங்க வந்து குனிந்து, பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி அவன் பாக்கெட்டில் செருகினாள்.

"ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் எங்கே பேசினேன்?" அவன் கோட்டு ஜிப்பை மேலே ஏற்றிவிட்டாள்.

பிறகு வைக்கோல் கட்டுகளில் உட்கார்ந்து பட்டாணிச் சூப் குடித்தார்கள். கிண்டல் ஓய்ந்தபாடில்லை. வோல்க்மார் கிண்ணத்தை வழித்துவிட்டு, இன்னொரு கரண்டி வாங்கிவர எழப்போனான். பாதியில் நின்றான். அவன் கை தானாகப் போய் இடது இடுப்பை இரண்டு முறை தட்டியது.

ரோஸ்விதா நெருப்பைப் பார்த்தபடியே தன் கிண்ணத்தையும் அவனிடம் நீட்டினாள்.