பிள்ளையிலிருந்து வந்த வெளிச்சம்

நேற்றுச் சாயங்காலம் போடி பஸ்ஸில் விளக்கு எரியவில்லை. எதிர் சீட்டில் ஒரு பெண். மடியில் வெள்ளைத் துணியில் சுற்றிய பச்சைப்பிள்ளை. அதன் பக்கத்தில் கிடந்த போனின் வெளிச்சம் அவள் முகத்தில் கீழிருந்து மேலாக ஏறியது. பிள்ளையே எரிவது போலிருந்தது. இதை வரைய வேண்டும் என்று தோன்றிய நொடியிலேயே பழைய பயம் ஒன்றும் கூடவே வந்தது. பயந்ததைத்தான் முதலில் வரையக் கிளம்புவேன். என் புத்தி அப்படி.

போடி பஜாரில் எங்கள் மளிகைக் கடைக்கு அடுத்தது எஸ்தர் அத்தையின் ஜவுளிக் கடை. கல்லாவுக்கு மேலே இயேசு பிறந்த படம். இருண்ட கொட்டகை, விளக்கே கிடையாது. மாட்டின் கண்வரைக்கும் வெளிச்சம் பிள்ளையிலிருந்துதான்.

அப்போது எனக்கு ஏழு வயது. தம்பி குறைமாதத்தில் பிறந்து, தேனி ஆஸ்பத்திரியில் மஞ்சள்காமாலையோடு கிடந்தான். "லைட்டுக்கு அடியில போட்டுருக்காக, கண்ணைக் கட்டிருக்காக," என்று சொல்லிவிட்டு, அப்பா என்னை அத்தையிடம் விட்டுப் போனார். நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வெளிச்சம் கொடுத்தால் பிள்ளை தீர்ந்துபோகாதா?

"துணியை ஏன் அத்தை இப்பிடி இறுக்கிச் சுத்திருக்கு?"

ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கும் அத்தைக்குப் பாதியில் நிறுத்த வராது. "பின்னால அவரை அடக்கம் பண்ணுறப்ப சுத்துன துணிக்கு அது அடையாளம்னு சொல்வாக, ஆத்தா."

அதோடு என் சோறு இறங்கவில்லை.

அந்தக் கடையில் ஈரிழைத் துண்டுக்குக்கூடப் பேரம் நடக்கும். வெள்ளைத் துணியை விலை கேட்காமல் வாங்கினால் மட்டும் அது சாவு வீட்டுக் கோடித் துணி. எனக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் மதியம் அப்பா நேராக அங்கே வந்தார். "வெள்ளைத் துணி ரெண்டு மீட்டர் கிழிங்க தங்கச்சி." விலை கேட்கவில்லை.

அத்தையின் கத்தரி அந்தரத்தில் நின்றது. நான் படத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன்.

"எதுக்குண்ணே?"

"காமாலை இறங்கிருச்சு, லைட்டை எடுத்துட்டாக. பொதிஞ்சு தூக்கிட்டு வர வேணாமா?"

"விலையக் கேட்டுத் தொலைச்சா என்னண்ணே," என்று அழுதபடியே அத்தை கிழித்துக் கொடுத்தார்.

இன்று அந்த இடத்தில் செல்போன் கடை. அத்தை குடும்பம் கோயம்புத்தூர் போய்விட்டது. படம் எங்கே போனதோ. தம்பி என்னைவிட உயரம். ஞாயிற்றுக்கிழமை அவனை உட்கார வைத்து, கீழே போனை வைத்து வரையப் போகிறேன். வெளிச்சம் வந்துவிடும். அவன் மடியில் போட ஒரு வெள்ளைத் துணி வாங்க வேண்டும். விலை கேட்டுத்தான் வாங்குவேன்.