பத்தொன்பது விசில்

எட்டு வயதில் நான் என் அப்பாவைத் தொலைத்திருக்கிறேன். பிள்ளைகள் தொலைவதுதான் உலக வழக்கம். அதை மாற்றிய பெருமை எனக்கும் ஒரு முறுக்கு டப்பாவுக்கும் உரியது.

எங்கள் வீடு இருந்த மவுண்ட் ரோஸ்கில்லிலிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல் காரில் போய், பாலைவனச் சாலை என்று பேர் வைத்திருக்கிறார்களே, அதிலிருந்து விலகி, ஒரு சரளைப் பாதையின் கடைசியில் இருந்தது அந்தக் குதிரைப் பண்ணை. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, நடுவில் ஓடை, விருந்தினருக்கு ஒரு மரக் குடில். போனில் ஒரு கோடு சிக்னல்கூடக் கிடையாது. பாலைவனம் என்றதும் ஒட்டகத்தை எதிர்பார்த்துப் போனவன் நான். கிடைத்தது பழுப்புப் புல்லும் குளிரும். அம்மா எதையும் எதிர்பார்க்கவில்லை. அரிசி, பருப்பு, குக்கர் எல்லாவற்றையும் கையோடு கொண்டு வந்திருந்தாள்.

குதிரை ஏற்றுவதாகச் சொல்லித்தான் அப்பா என்னைக் கூட்டி வந்திருந்தார். மறுநாள் மத்தியானம், "மழை வர்ற மாதிரி இருக்கு, நாளைக்குப் பாக்கலாம்டா" என்றார். இந்தத் துரோகத்துக்குத் தண்டனையாகக் காணாமல் போவதென்று முடிவு செய்தேன். முறுக்கு டப்பாவுடன் வைக்கோல் கொட்டகையின் பரணில் ஏறிப் படுத்துக்கொண்டேன். அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பள்ளத்தாக்குக்குள் போவது கேட்டது. குரல் தேயத் தேய எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டப்பா காலியானதும் கோபமும் காலியானது. இறங்கி வந்தேன்.

"எங்கடா போய்த் தொலைஞ்ச?" முதுகில் ஒன்று வைத்தாள் அம்மா. அடுத்ததற்கு ஓங்கிய கை பாதியில் நின்றது. "அப்பா எங்க?"

அதற்குள் மூடுபனி இறங்கி எதிர்ப் பாறையே காணாமல் போயிருந்தது. பண்ணைக்காரர் நாலு சக்கர பைக்கில் தேடக் கிளம்பினார். நானும் அம்மாவும் கத்திப் பார்த்தோம். ஓடைச் சத்தம் எங்கள் குரலைத் தின்றுவிட்டது. அம்மா அழவில்லை. வெளி வராந்தாவில் இருந்த கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குக்கரை ஏற்றினாள்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. சமைக்கிறாள் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. தவிர, எனக்குப் பசிக்கவும் ஆரம்பித்திருந்தது. ஒரு டப்பா முறுக்கு எம்மாத்திரம்?

"விசிலை எண்ணுடா."

விசில் அடித்தது. பாறைகள் அதை ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பி அனுப்பின.

"திரும்பி வர்றதையும் எண்ணணுமாம்மா?"

அவள் பனியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றில் அணைக்க வேண்டியவள் அணைக்கவில்லை. எட்டு. பத்து. குதிரைகள் மிரண்டு வேலியோரம் ஓடின. நாய் ஊளையிட்டது.

"அம்மா, சோறு கொழைஞ்சிடும்!"

"வாயை மூடிட்டு எண்ணு."

பத்தொன்பதாவது விசிலுக்கு, முட்டி வரை சேறும் ஒற்றை ஷூவுமாகப் பனிக்குள்ளிருந்து ஓர் உருவம் வந்தது.

"ஏன்டி, இத்தனை விசில் விட்டா பருப்பு என்னத்துக்கு ஆகும்?"

அப்பாதான். அடி நிச்சயம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ என்னைத் தூக்கி இறுக்கிக்கொண்டார். அவர் உடம்பு நடுங்கியது. பாவம், குளிர் போலிருக்கிறது என்று நினைத்தேன். பின்னாலேயே பண்ணைக்காரர், எங்கே தீப்பிடித்தது என்று கேட்டுக்கொண்டு பைக்கில் வந்து சேர்ந்தார்.

ஆவி அடங்கியதும் தட்டோடு போய் நின்றேன். அம்மா குக்கரைத் திறந்தாள். உள்ளே வெறும் வெந்நீர். நான் கோபத்தில் தட்டைப் போட்டேன். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

பள்ளி திறந்ததும் விடுமுறையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். என் அம்மாவுக்கு மறதி அதிகம், குக்கரில் அரிசி போடவே மறந்துவிட்டாள் என்று எழுதி, பக்கத்தில் ஓர் அழுமூஞ்சியும் வரைந்தேன். அம்மா அதில் ஒரு வரியைக்கூட மறுக்காமல் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தாள். பால் எடுக்க வரும்போதெல்லாம் அப்பா அதன் முன்னால் நின்றுவிடுவார். ஒரு ஃபிரிட்ஜைத் திறக்க அவருக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆகிறதென்று எனக்கு விளங்கவே இல்லை.