நடுகல்லுக்கு நான் எழுதிய குறிப்பு

வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது என் தொழிலைச் சொல்லிப் புரியவைப்பதுதான் எனக்குப் பெரும்பாடு. நான் எந்த அருங்காட்சியகத்திலும் சம்பளத்தில் இல்லை. பள்ளிக்கூடமோ, கோயில் நிர்வாகமோ, பழைய பொருள் சேர்த்துவைத்திருக்கும் குடும்பமோ கூப்பிட்டால் போவேன். அவர்களிடம் இருப்பதை ஒவ்வொன்றாகத் துடைத்து, அளந்து, படமெடுத்து, எண் கொடுப்பேன். அது என்ன, எங்கிருந்து வந்தது என்று பதிவேட்டில் எழுதுவேன். காட்சிக்கு வைப்பதென்றால் பக்கத்தில் மாட்டும் குறிப்புப் பலகையையும் நானே எழுதிக்கொடுப்பேன். வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவேன். நான் போன பிறகு அந்தப் பலகையை யார் நின்று படித்தார்கள், படித்து என்ன நினைத்தார்கள் என்று ஒருபோதும் கேட்டதில்லை.

மொரப்பூர் பக்கம் ஒரு தனியார் பள்ளி. அதை நிறுவியவர் நாற்பது வருடம் ஊர் ஊராக அலைந்து சேர்த்த பொருட்கள் ஒரு பழைய வகுப்பறையில் கிடந்தன. பூட்டுகள், நெல் அளக்கும் படிகள், ஓலைக்கட்டுகள், மலைக்காரர்கள் வைத்திருந்த மரச்சாமான்கள், ஏழு நடுகற்கள். அவர் இறந்த பிறகு தாளாளரான அவருடைய மகள், அந்த அறையை ஒரு சின்ன அருங்காட்சியகமாக ஆக்க நினைத்து என்னை அழைத்தார். சுறுசுறுப்பான பெண்மணி. என் வேலையில் அவர் தலையிடவே இல்லை. ஒன்றை மட்டும் அடிக்கடி சொன்னார்.

"மேடம், பாக்க வர்றவங்க நின்னு படிக்கணும். காலேஜ் பாடம் மாதிரி இருந்தா ஒருத்தரும் நிக்க மாட்டாங்க."

ஏழு கற்களில் ஐந்தாவது, இண்டூருக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து வந்தது. சாலையை அகலப்படுத்தியபோது அதற்கு இருக்க இடமில்லாமல் போக, அந்த ஊர்க் குடும்பம் ஒன்று அதை நிறுவனரிடம் ஒப்படைத்திருந்தது. கல்லில் ஒரு வீரன் ஒரு கையில் குறுவாளும் மறு கையில் வில்லுமாக நிற்கிறான். காலடியில் இரண்டு மாடுகள். தலைக்கு மேல் நான்கு வரி, வட்டெழுத்து. வருடத்துக்கொரு முறை, மாட்டுப் பொங்கலன்று, அந்தக் குடும்பம் வந்து பால் ஊற்றிவிட்டுப் போகும் என்று தாளாளர் சொன்னார். அதைக் கேட்டு நான் தலையாட்டினேன். அவ்வளவுதான்.

மூன்றாவது வரியில் 'தொறு' என்ற சொல் தெளிவாக இருந்தது. தொறு என்றால் மாட்டு மந்தை. அடுத்த சொல் பொரிந்துபோயிருந்தது. கடைசி எழுத்து 'டு' மட்டும் மிச்சம். 'தொறு கொண்டு' என்றால் மந்தையைக் கவர்ந்து. 'தொறு மீட்டு' என்றால் பறிபோன மந்தையை மீட்டு. இரண்டு காரியத்திலும் அந்தக் காலத்தில் ஆட்கள் செத்திருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் கல் நட்டிருக்கிறார்கள். இரண்டு சொல்லும் 'டு'வில்தான் முடிகின்றன.

ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்து, மை ஒற்றிப் படியெடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது, தாள் காயவில்லை. திறப்பு விழாவுக்கு நாலே நாள். என் போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். உடைந்த எழுத்தின் அடியில் ஒரு வளைவு தெரிந்தது. 'கொ' என்று எனக்குப் பட்டது. குறிப்பேட்டில் "தொறு கொண்டு" என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

பலகையில் அந்தக் கேள்விக்குறியைப் போடவில்லை. "பக்கத்து ஊரின் மாட்டு மந்தையைக் கவரச் சென்று, அந்த ஊராரால் கொல்லப்பட்டவனின் கல்" என்று எழுதினேன். கல்லில் இருந்த ஊர்ப்பெயர் இன்றைக்கும் பக்கத்து ஊருக்கு இருக்கிறது. அதையும் பலகையில் சேர்த்தேன். எழுதும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. நின்று படிப்பார்கள் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்துத் தாளாளர் போன் செய்தார். "ஒருத்தர் வந்து காலையிலேர்ந்து உக்காந்திருக்காரு. உங்களைப் பாக்காம போக மாட்டேங்கறாரு."

தருமபுரியிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். பள்ளி அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மடியில் துணிப்பை. என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். கோபமான ஒருவரை எதிர்பார்த்து வந்தவளுக்கு அந்தக் கும்பிடு சங்கடமாக இருந்தது.

"பலகை எழுதுனது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

போனை நீட்டினார். பலகையை யாரோ படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். கீழே, 'இவனுங்க சாமியே மாட்டுத் திருடன்' என்று எழுதி, சிரிக்கும் பொம்மைகள்.

"அந்தக் கல்லு எங்க குலசாமிங்க. மாட்டக் காப்பாத்தப் போயி உசுர உட்டவருன்னுதான் எங்கப்பா சொன்னாரு, அவங்கப்பா சொன்னாரு. எங்கூருல மாடு கன்னு போட்டா மொதப் பால் அவருக்குதாங்க. பக்கத்தூருல எம்பொண்ண நிச்சயம் பண்ணியிருந்தேன். தட்டு மாத்தியாச்சு. இந்தப் படத்த வச்சு அந்தூருப் பசங்க டீக்கடையில கிண்டல் பண்ணாங்க. எந்தம்பி மவன் ஒருத்தன அடிச்சிட்டான், மண்ட ஒடைஞ்சு போச்சு. அடிபட்டவன் மாப்பிள்ளைக்குச் சித்தப்பா மவன். இப்ப அவங்க வூட்டுல பேச்சே இல்லைங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டார்.

"படிச்சவங்க நீங்க. கல்லுல அப்படித்தான் இருக்குதுன்னா நான் பேசாம போயிடறேன். இருக்குதுங்களா?"

அந்த வகுப்பறைக்குள் கூட்டிப்போனேன். அறைக்குள் கல்லின் மேல் நேராக வெளிச்சம் விழுந்தது. நேர் வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து தெரியாது. பக்கவாட்டில் விழ வேண்டும். நாலு மணி வெயில் ஜன்னலில் இருந்தது. பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

"வெயிலைப் புடிச்சு, கல்லோட ஓரத்துல விழற மாதிரி காட்டுங்க."

செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, ஜன்னலருகில் நின்று கண்ணாடியைத் திருப்பினார். வெளிச்சம் கல்லின் ஓரமாக ஊர்ந்து வந்தது. பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலெழுந்தன. 'தொறு' பளிச்சென்று தெரிந்தது. அடுத்த இடத்துக்கு வந்ததும் முகத்தைக் கல்லோடு ஒட்டிக்கொண்டு பார்த்தேன். நான் வளைவு என்று நம்பியது எழுத்தின் வளைவு அல்ல. கல் பொரிந்த விளிம்பு. அதற்கு மேல் உளி பட்ட தடமே இல்லை. 'கொ' என்பதற்கும் ஆதாரமில்லை, 'மீ' என்பதற்கும் இல்லை.

"என்னாங்க தெரியுது?" என்றார்.

மீட்டு என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியதை மறைக்க விரும்பவில்லை. அந்த அறையில் வட்டெழுத்து படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாகப் போயிருப்பார்.

"அந்த எழுத்தே இல்லைங்க. உடைஞ்சு போச்சு. கவர்ந்தாரா, மீட்டாரான்னு இந்தக் கல்லை வச்சு யாராலயும் சொல்ல முடியாது."

கண்ணாடியை மெல்லக் கீழே இறக்கினார். யோசித்துவிட்டுக் கேட்டார்: "இப்ப தெரியலைங்கறீங்க. அப்ப மட்டும் எப்படிங்க தெரிஞ்சுது?"

அவர் குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "நான் சரியாப் பாக்காம எழுதிட்டேன். தப்பு என்னுதுதான்" என்றேன்.

"மீட்டுன்னு மாத்தி எழுதிடுங்களேன். உங்களுக்கு என்னங்க கொறையுது?"

"தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதினதாலதான் இவ்வளவும் வந்துது. மறுபடியும் அதையே எப்படிச் செய்யறது?"

அவருக்கு அது நியாயமாகப் படவில்லை. துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வெளியே போனவர் திரும்பி வந்து, கல்லின் முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்றே தாளாளரிடம் பேசினேன். பலகையை மாற்ற வேண்டும், 'இந்த இடம் சிதைந்துள்ளது, செயல் என்னவென்று அறிய முடியவில்லை' என்று எழுத வேண்டும் என்றேன்.

"தெரியலைன்னு ஒரு போர்டு வச்சா யாருங்க மேடம் பாப்பாங்க?" என்றார். பிறகு குரலை இறக்கி, "உங்களை நம்பித்தானே விட்டேன்" என்றார்.

பலகை மாறியது. படம் பரவியது நிற்கவில்லை. திருத்தம் எழுதி, என் பெயரையும் போட்டு அதே வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பச் சொல்லித் தாளாளரிடம் கொடுத்தேன். அதை யாரும் மற்றவர்களுக்கு அனுப்பியதாகத் தெரியவில்லை. பக்கத்து ஊருக்கும் போனேன். மாப்பிள்ளை வீட்டில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "கல்லுல என்ன இருந்தா எங்களுக்கென்னங்க? பையன் மண்டயில ஏழு தையலு. அத அழிச்சு எழுத முடியுங்களா?" என்றார். மோரைக் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் குடும்பத்தார் பத்துப் பன்னிரண்டு பேர் டிராக்டரோடு பள்ளிக்கு வந்தார்கள், கல்லைத் திருப்பிக் கேட்டு. தாளாளர் என்னைக் கூப்பிட்டார். நிறுவனர் கைப்பட எழுதிய பழைய பதிவேட்டில் அந்தக் கல்லுக்கு நேராக 'தற்காலிகமாகப் பெற்றது' என்று இருந்தது. அதைக் காட்டினேன். தாளாளர் மறுபேச்சுப் பேசவில்லை. "எடுத்துக்கிட்டுப் போகட்டும்" என்று அறைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். அதன்பின் அவர் என்னை எந்த வேலைக்கும் அழைக்கவில்லை.

டிராக்டர் பெட்டியில் வைக்கோல் பரப்பி, கல்லைப் பழைய சேலைகளால் சுற்றி, எழுத்திருந்த பக்கம் மேலே வரும்படி படுக்கவைத்தோம். கயிறு கட்டும் இடத்தில் நான் அட்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் பக்கத்தில் வந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்தாள். சுடிதார் மேல் ஆஸ்பத்திரி அடையாள அட்டை தொங்கியது. நர்ஸ் வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். நிச்சயமாகி நின்றுபோனவள் அவள்தான் என்று சொல்லாமலே தெரிந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளும்மா."

"அவரு திருடுனாரா இல்லையாங்கறது கெடக்கட்டும். அத எழுதறப்ப எங்கள யாரயாச்சும் நெனச்சீங்களா?"

மாட்டுப் பொங்கலுக்கு அவர்கள் பால் ஊற்ற வருவது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

"இல்லம்மா" என்றேன்.

தலையாட்டிவிட்டுக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். நன்றாக இறுகியது. பெட்டியிலிருந்து குதித்து அவள் அப்பாவின் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள்.

அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி அடிதடி வழக்கை முடித்துக்கொண்டார்கள். சம்பந்தம் மட்டும் திரும்ப ஒட்டவில்லை. அந்தப் பெண் ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு மாறிப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

போன தை மாதம் இண்டூர் வழியாக வேறு வேலைக்குப் போனபோது அந்த ஊரில் இறங்கினேன். வரலாமா என்று தயங்கித் தயங்கித்தான் நடந்தேன். ஊர்க்கோடியில் புதிதாகத் தகரக் கொட்டகை போட்டு, மேடை கட்டி, கல்லை நட்டிருந்தார்கள். வீரனுக்கு மீசை கறுப்பு, வேட்டி சிவப்பு, மாடுகள் வெள்ளை, எல்லாம் எனாமல் பெயிண்ட். தலைக்கு மேல் நான்கு வரி இருந்த இடத்தில் சிமெண்டு பூசி, மஞ்சள் அடித்திருந்தது. வழவழவென்று இருந்தது.

அன்று கண்ணாடி பிடித்தவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"பூசிட்டோங்க. இனிமே யாரும் வந்து படிக்க வேண்டியதில்ல பாருங்க." வாங்க என்று அவர் சொல்லவுமில்லை, ஏன் வந்தீர்கள் என்று கேட்கவுமில்லை.

சிமெண்டை எடுத்தால் கல்லின் தோலும் சேர்ந்து வரும். அந்த எழுத்து இனி இல்லை. ஆயிரம் வருடத்துக்கு மேல் வெயிலிலும் மழையிலும் நின்றது. என் பலகைக்குப் பிறகு ஒரு வருடம்கூட நிற்கவில்லை. வேறு யாராவது பூசியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அங்கே வாயைத் திறக்க எனக்கு என்ன உரிமை?

"நல்லாயிருக்குங்க" என்றேன்.

அவர் தட்டிலிருந்து விபூதி எடுத்து நீட்டினார். வாங்கிப் பூசிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.