பாலத்துக்குக் கீழே நின்ற அண்ணன்

அண்ணனின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம். தங்கை என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள். பூசி மெழுகி எழுத எனக்கு வராது.

அண்ணன் அஸ்தினாபுரத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரம் போய்விட்டதால், ஐ.டி.ஐ. முடித்த கையோடு குடும்பம் அவர் தலையில் விழுந்தது. என்னைப் படிக்கவைத்து, கல்யாணமும் செய்துவைத்தார். கடற்படைக்குக் கட்டுமான வேலை செய்யும் ராணுவப் பிரிவில் சேர்ந்து, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றார்.

சில உறவினர்களுக்கு இது கடைசிவரை கிண்டல்தான். "நேவின்னான், கையில பார்த்தா கொத்துக்கரண்டி கீது" என்று எங்கள் பெரிய மாமா கல்யாணப் பந்தியிலேயே சிரித்தார். இதை அவரும் படிக்கட்டும். கப்பல் வந்து நிற்பதற்கு முன்பே ஆட்கள் போய் ஜெட்டி என்னும் கப்பல் மேடையைக் கட்ட வேண்டும். விமானம் இறங்க ஓடுதளம் போட வேண்டும். உலகப் போரில் சில நாடுகள் கொத்தனார், தச்சர், வெல்டர்களைச் சேர்த்து, கையில் துப்பாக்கியும் கொடுத்து, இதற்கென்றே தனிப்படை வைத்தன. நம் நாட்டில் ராணுவப் பொறியாளர்களும் அவர்களோடு வேலை பார்க்கும் சிவிலியன் ஆட்களும் இதைச் செய்கிறார்கள். அண்ணன் அப்படி ஒரு சிவிலியன். தீவுகளில் வருடக்கணக்காகத் தகரக் கொட்டகையில் கிடந்தார். யூனிபார்மும் இல்லை, மெடலும் இல்லை.

ஓய்வுக்குப் பின் சேலையூரில் எங்கள் தெருவிலேயே வீடு கட்டிக்கொண்டார். இரண்டு வருடங்களுக்கு முந்தைய மழையில் தெருமுனைக் கால்வாயின் தரைப்பாலம் இடிந்து விழுந்தது. வெளியே போக வேறு வழியில்லை, பின்பக்கமெல்லாம் ஏரித் தண்ணீர். அன்று காலை எதிர்வீட்டுக் கலாவுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் அந்தக் கரையில் நின்றது. கால்வாயில் இடுப்பளவு தண்ணீர், இழுப்பு பயங்கரம்.

பாதி கட்டிய வீடு ஒன்றில் சாரம் கட்டும் பைப்பும் பலகையும் கிடந்தன. கேட் பூட்டியிருந்தது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் குடையோடு வந்து குறுக்கே நின்றார்.

"சார், அடுத்தவங்க பொருள். நாளைக்குக் கேட்டா நான்தான் பதில் சொல்லணும். ஃபயர் சர்வீஸ் வரட்டும்."

"அவ பெத்துடுவா சார், அதுக்குள்ள" என்றார் அண்ணன்.

வாக்குவாதத்தில் நேரம் போனது. தண்ணீர் ஏறியது. கலாவின் அலறல் தெருவுக்கே கேட்டது. கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தது நான்தான். இன்றைக்கும் உடைப்பேன்.

அண்ணன் சொல்லச் சொல்ல, என் கணவரும் கலாவின் கணவரும் பைப்பை இறுக்கிப் பலகை போட்டார்கள். மிஞ்சிய பலகையையே ஸ்ட்ரெச்சராக்கிக் கலாவைப் படுக்கவைத்தோம். முடிந்ததும் அண்ணன் வேட்டியை மடித்துக்கட்டித் தண்ணீரில் இறங்கினார். தற்காலிகப் பாலத்தில் முதல் பாரம் போகும்போது அதைப் போட்டவன் அடியில் நிற்க வேண்டும் என்பது அவருடைய பிரிவில் வழக்கம்.

"அண்ணா, சர்க்கரை வச்சிகிட்டு சாக்கடைத் தண்ணியிலயா? மேல வாங்க!"

"நான் மேல நின்னா தூக்குறவனுக்கு நம்பிக்கை வராதும்மா. மாப்ள, ஸ்ட்ரெச்சரக் கொண்டா!"

தண்ணீர் அவர் நெஞ்சைத் தொட்டது. பாதி வழியில் ஒரு பைப் நழுவியது. தோள் கொடுத்துத் தாங்கினார். கலா அக்கரை சேர்ந்த பிறகுதான் அவர் காலில் பைப் கிழித்திருந்ததைப் பார்த்தோம். அந்தப் புண் ஆறவில்லை. காலை எடுத்தார்கள். பிறகு விஷம் உடம்பெல்லாம் பரவி, சில மாதங்களில் எங்களை விட்டுப் போனார். தண்ணீர் இடுப்பளவு இருந்தபோதே செயலாளர் தடுக்காமல் விட்டிருந்தால் அண்ணன் இன்று இருந்திருப்பார் என்றே நான் நம்புகிறேன். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஆஸ்பத்திரியில் இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண்களுக்கும், ரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும், மகளைத் தூக்கிக்கொண்டு தினமும் வந்த கலாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சங்கத்தார் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். அதற்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பைப்பையும் பலகையையும் வீட்டுக்காரர் மறுவாரமே எடுத்துக்கொண்டார். தரைப்பாலம் இன்றுவரை போடவில்லை. அண்ணனைச் சுடுகாட்டுக்கும் ஏரிக்கரைச் சேற்று வழியே சுற்றித்தான் தூக்கிக்கொண்டு போனோம்.