அத்தை சொன்ன பெயர்

என் அத்தை கப்பலேறிப் பல தேசங்களுக்குப் போனவள், போரிலும் பஞ்சத்திலும் பெற்றோரைத் தொலைத்த குழந்தைகளைக் காப்பாற்றியவள் என்று எங்கள் வீட்டில் இப்போது யாரைக் கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். அவள் முதன்முதலாக அந்த வேலைக்குப் புறப்பட்ட காலையில் யாருடைய நெஞ்சும் நிமிர்ந்ததாக எனக்கு நினைவில்லை. “ஊரான் பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடறதுக்கு இங்கிலீஷ் படிப்பு வேணுமா?” என்று அம்மா இட்லித் தட்டைப் பார்த்துக் கேட்டாள். தட்டு பதில் சொல்லவில்லை. அத்தையும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு மைசூர் ரயில் நிலையத்தில் வேலை. அத்தை அவருடைய தங்கை. இந்த ஊரிலேயே பிறந்து இங்கேயே படித்தவள். கல்யாணமாகி ரங்கூனுக்குப் போனாள். மாமா அங்கே துறைமுகத்தில் குமாஸ்தா. அந்த வருஷம் அவள் மட்டும் தசரா பார்க்க வந்தாள். யானை ஊர்வலம் பார்த்து, தீப அலங்காரம் பார்த்து, பட்டு வாங்கி, மாமாவுக்கு மைசூர்பாகு கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். மாமா லீவில் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. லீவு வருவதற்குள் ரங்கூனில் குண்டு விழுந்தது. கப்பல் நின்றது. கடுதாசி நின்றது. ஜனங்கள் மலையும் காடுமாக நடந்தே திரும்பி வருகிறார்கள் என்ற செய்தி மட்டும் வந்துகொண்டிருந்தது. மைசூர்பாகு கல்லாகிப் போனது. அதை எடுத்து எறிய யாருக்கும் தைரியம் வரவில்லை.

அப்பா, பர்மாவிலிருந்து வந்தவர் என்று யாரைக் கேள்விப்பட்டாலும் போய் மாமாவைப் பற்றி விசாரித்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பி வருவார். அத்தை கதவோரம் நின்று அவர் முகத்தைப் பார்ப்பாள். கேட்கமாட்டாள். நெற்றியில் குங்குமத்தை மட்டும் முன்னைவிடப் பெரிதாக இட ஆரம்பித்தாள்.

கோடையில், மெட்ராஸிலும் குண்டு விழும் என்று அந்த ஊரே காலியாகிக்கொண்டிருந்தது. பர்மாவிலிருந்து நடந்து வந்து, வழியில் பெற்றவர்களைப் பறிகொடுத்த குழந்தைகளை அங்கிருந்து ரயிலேற்றி மைசூருக்கு அனுப்பினார்கள். கூட வந்தவள் ஒரு வெள்ளைக்கார அம்மாள். கடல் கடந்த ஏதோ ஒரு நிவாரணச் சங்கத்தைச் சேர்ந்தவள். பிளாட்பாரத்திலேயே ஒவ்வொரு குழந்தையையும் நிறுத்தி, தகப்பன் பெயரைக் கேட்டு அட்டையில் எழுதி, கழுத்தில் மாட்டினாள். முதல் குழந்தை “அப்பா” என்றது. எழுதினாள். அடுத்ததும் “அப்பா” என்றது. அதையும் எழுதினாள். அரைவாசி அட்டைகள் முடிந்த பிறகுதான், உங்கள் ஜனங்களிடையே இது அவ்வளவு பிரியமான பெயரா என்று என் அப்பாவைக் கேட்டாளாம். அப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்கு ஆளனுப்பி அத்தையை வரவழைத்தார்.

அப்படித்தான் அத்தைக்கு வேலை கிடைத்தது. நஜர்பாத் பக்கம் ஒரு பழைய பங்களாவில் குழந்தைகளைத் தங்கவைத்திருந்தார்கள். பின்னால் குதிரை இல்லாத ஒரு லாயம். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய்விடுவேன். எனக்கு ஏழு வயது. என்னை இழுத்தது கருணை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. டப்பாப் பால் என்று ஒரு மாவைக் கரைத்துக் கொடுப்பார்கள், அதுதான் காரணம்.

பெற்றவர்களைத் தேட வேண்டுமானால் பெயர் வேண்டும். அங்கேதான் சிக்கல். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாது, சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது நம் பக்கத்து வழக்கம். என் அம்மா, அப்பாவின் பெயருள்ள சாமியைக்கூடச் சுற்றி வளைத்துத்தான் கும்பிடுவாள். ஆகவே, சின்னப் பிள்ளைகளின் காதில் தகப்பன் பெயர் விழுவதே அபூர்வம். இருந்தாலும் அத்தை ஒவ்வொரு குழந்தையாக மடியில் வைத்துப் பேசிப் பேசி, ஊரையும் பெயரையும் வாங்கிவிட்டாள். கடைசியில் ஒருத்தி மட்டும் மிஞ்சினாள்.

அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டோம். ஐந்து வயது இருக்கும். தாய் காட்டு வழியில் காய்ச்சலில் போய்விட்டாளாம். தகப்பன் பின்னால் வருவதாகச் சொல்லி இவர்களை முன்னால் அனுப்பியவர். அவளிடம் அத்தை நடத்திய விசாரணை எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது.

“அம்மா அப்பாவை எப்படிடா கூப்பிடுவாங்க?”

“இந்தாங்கம்பாக.”

“பக்கத்து வீட்டுக்காரங்க?”

“பாப்பா அப்பாம்பாக.”

“உன்னை?”

“பாப்பாம்பாக.”

வெள்ளைக்கார அம்மாளுக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு, அத்தை வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இதற்கிடையில் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து குழந்தையில்லாத ஒரு தம்பதி வந்து பாப்பாவைப் பார்த்துப் போனார்கள். நிலபுலம் உள்ளவர்கள், நல்லவர்கள். ஆடி கழிந்ததும் தத்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அதுதான் குழந்தைக்கு நல்லது என்று வெள்ளைக்கார அம்மாளும் நினைத்தாள். அத்தை அன்று இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னாள்: “அவர் எங்கேயோ ஒரு கேம்ப்ல உக்காந்து இவளைத் தேடிட்டிருந்தா, அண்ணா? இருக்கற மனுஷனை இல்லேன்னு நாமளே முடிவு பண்ணிடறதா?” அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவள் பாப்பாவின் அப்பாவைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

நானும் பாப்பாவும் லாயத்தில் புளியங்கொட்டை வைத்துப் பல்லாங்குழி ஆடுவோம். ஒருநாள் நான் பெரிய மனுஷித்தனமாக, “அப்பா பேரு தெரியாதவகூட நான் ஆடமாட்டேன்” என்றேன். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. “எனக்குத் தெரியும். சொல்லத்தான் மாட்டேன். சொன்னா அப்பா செத்துப்போயிருவாக. அம்மா சொல்லிருக்காக” என்றாள். தாய் தன்னைப் பற்றிச் சொன்ன விதியை மகள் தனக்கும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். இத்தனை மாதமும், பயணத்திலும் காய்ச்சலிலும், அந்தப் பெயரை வாய்க்குள்ளேயே பூட்டிவைத்திருந்திருக்கிறாள்.

ஆட்டத்தை விட்டு ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். கையில் இருந்த பால் தம்ளரோடு அவள் லாயத்துப் படிக்கு வந்து, பாப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

“அப்பா பேரைச் சொன்னா ஒண்ணும் ஆகாது கண்ணு. பேரைச் சொன்னாத்தான் அவரைத் தேட முடியும்.”

“மாட்டேன்.”

“சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா அதெல்லாம். நிஜம் இல்லே.”

பாப்பா அத்தையின் குங்குமத்தை நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப நீங்க உங்க வீட்டய்யா பேரைச் சொல்லுங்க.”

அத்தை தம்ளரைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்புக்குள் கையை விட்டுத் தாலியைப் பிடித்துக்கொண்டாள். பங்களாவின் முன்பக்கம் யாரோ கிணற்றில் நீர் இறைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அத்தையின் உதடு அசைந்தது.

“கேக்கலையே” என்றாள் பாப்பா.

அத்தை கண்ணை மூடிக்கொண்டு மாமாவின் பெயரை உரக்கச் சொன்னாள். இனிஷியலோடு சொன்னாள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவள் வாழ்நாளில் ஒரே முறை சொன்னதை நான் போகிற போக்கில் எழுதிவிட மனம் வரவில்லை.

பாப்பா உடனே வாய் திறந்துவிடவில்லை. ஏதாவது ஆகிறதா என்று வானத்தைப் பார்த்தாள், வாசல் கேட்டைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. பாலை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, “முத்துக்கருப்பன்” என்றாள்.

இந்த வெற்றிச் செய்தியோடு நான் வீட்டுக்குப் பறந்தேன். “அத்தை மாமா பேரைச் சொல்லிட்டாங்க! ஒண்ணுமே ஆகலை!” என்று வாசலிலேயே கூவினேன். அம்மா கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து போய், வெயில் இறங்காத வேளையிலேயே விளக்கேற்றினாள். அத்தை திரும்பி வந்தபோது நல்ல வசவு இருக்கிறது என்று நான் ஆவலாகக் காத்திருந்தேன். அம்மா வையவில்லை. அத்தையின் தலையைத் தடவி, தட்டில் சோறு போட்டு வைத்தாள். அத்தை அதைத் தொடவில்லை. அன்றிலிருந்து ஒரு வேளைதான் சாப்பிட்டாள். என்ன விரதம் என்று கேட்டால் சொல்லமாட்டாள். மூடநம்பிக்கையை ஒரே போடாகப் போட்டு உடைத்த வீராங்கனை எதற்கு வாடி நிற்கிறாள் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. படித்தவள் அல்லவா, இதிலெல்லாம் அவளுக்கு எங்கே நம்பிக்கை இருக்கப் போகிறது என்று நானாக முடிவு கட்டியிருந்தேன்.

முத்துக்கருப்பன் என்ற பெயர் முகாம் முகாமாகப் போய், கல்கத்தா முகாம் ஒன்றில் அதை உரக்க வாசித்தபோது ஒருவர் எழுந்து நின்றாராம். ஐப்பசி மழையில், ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து, அவர் பங்களாவுக்கு வந்து சேர்ந்தார். தாடியும் மீசையுமாக இருந்த அவரைப் பாப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை. அத்தையின் பின்னால் ஒளிந்துகொண்டு, “உங்க பேரென்ன?” என்று கேட்டாள். அவர் சொன்னார். “இன்னொருக்கச் சொல்லுங்க” என்றாள். அவர் நனைந்த துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவள்தான் போய் அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னாளில் வங்காளத்துப் பஞ்சத்திலும், யுத்தம் முடிந்த பிறகு சீமைக்கு அப்பாலும், அத்தை எந்த முகாமுக்குப் போனாலும் முதல் வேலையாகக் குழந்தைகளை வட்டமாக உட்காரவைத்து, அவரவர் பாஷையில் அப்பா அம்மா பெயரை உரக்கச் சொல்லவைப்பாளாம். அதற்காக அவளை மெச்சிக்கொண்டார்கள். அந்தப் பாடத்தை அவள் எங்கே கற்றாள், அதற்கு என்ன கொடுத்தாள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மகளைக் கண்ட மறுநாள் முத்துக்கருப்பன் நன்றி சொல்ல எங்கள் வீட்டுக்கு வந்தார். ரங்கூன் துறைமுகத்தில் மேஸ்திரியாக இருந்தவர் என்று தெரிந்ததும், அப்பா வழக்கம்போல மாமாவின் பெயரைச் சொல்லி விசாரித்தார். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அப்பாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

“எங்க கூட்டத்துலதான் நடந்து வந்தாக. வாந்திபேதி. ஆத்தோரமா நாங்கதான் அடக்கம் பண்ணினோம்.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை மட்டும் கதவைப் பிடித்தபடி வெளியே வந்து, மாமாவைப் பற்றி முதல் முறையாகத் தானே நேராகக் கேட்டாள்.

“எந்த மாசம்?”

“பங்குனிம்மா.”

“நல்லா நினைவிருக்கா? ஆடி இல்லையே?”

“ஆடிக்கு நாங்க கல்கத்தாவுக்கே வந்துட்டோம் தாயி. பங்குனிதான்.”

அத்தை சாமுண்டி மலை இருக்கும் திசையில் திரும்பினாள். தலைக்குமேல் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். அதன் பிறகுதான் சரிந்து விழுந்து அழ ஆரம்பித்தாள்.

புருஷன் செத்த செய்தி கேட்டு யாராவது சாமிக்கு நன்றி சொல்வார்களா என்று நான் அம்மாவைக் கேட்டேன். அம்மா என் வாயை இறுகப் பொத்தினாள். லாயத்துப் படியில் அவள் மாமாவின் பெயரைச் சொன்னது ஆடி மாதத்தில். பங்குனி அதற்கு முந்தியது என்று கணக்குப் போட எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.