சவரி மாமாவுக்கு ஒரு திருப்பலி அட்டை

நான் நேரில் கண்டதையும், சொன்னவரிடமே திரும்பக் கேட்டு உறுதிசெய்துகொண்டதையும் தவிர வேறெதையும் இக்கட்டுரையில் எழுதப்போவதில்லை. திருவொற்றியூரில் தமிழாசிரியனாக இருந்த காலத்திலிருந்தே எனக்கு இந்தக் கண்டிப்பு உண்டு. ஆனால் இம்முறை அதற்குத் தனிக்காரணம் இருக்கிறது. உறுதிசெய்யப்படாத ஒரு மரணச் செய்தி நான் வாழும் இந்த ஊரில் பரவிற்று. அதைத் தொடங்கியவன் நான் அல்லன் என்று வாதிடலாம். ஆனால் அதைத் தடுத்திருக்கக்கூடிய ஒரே மனிதன் நான்தான்.

சனிக்கிழமை நண்பகலில் எங்கள் வாசற்படியில் ஓர் ஆப்பிள் டார்ட், பழம் வைத்துச் சுட்ட பணியாரம், இருந்தது. நீல விளிம்பு போட்ட பீங்கான் தட்டில், மழை படாதபடி துணியால் மூடி, பக்கத்தில் ஒரு வெள்ளை உறையும் வைத்திருந்தார்கள். அயர்லாந்தின் தென்மேற்கே கடலை ஒட்டிய சிற்றூர் இது. இங்கே ஒரு வீட்டில் இழவு என்றால் அயலார் இப்படித்தான் உணவைக் கொண்டுவந்து வைப்பார்கள். உறைக்குள் இருப்பது திருப்பலி அட்டை. இறந்தவரின் பெயரை ஊர்த் தேவாலயத்தின் பங்குக்குருவிடம் சொன்னால், அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகத் திருப்பலிப் பூசை நிறைவேற்றப்படும் என்று அவர் அதில் கையொப்பமிட்டுத் தருவார். மருத்துவமனையில் பணி முடிந்து வந்த என் மனைவி ஸ்டெல்லா, செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த உறையைப் பிரித்தாள். அட்டையில் அவளுடைய தாய்மாமன் சவரிமுத்துவின் பெயர் இருந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டே கீழே உட்கார்ந்தாள். "மாமா பூட்டாரா? உங்களுக்குத் தெரியுமா? ஏங்க என்கிட்ட சொல்லல?" பன்னிரண்டாம் வகுப்பு முதல் திருத்திப் பேசப் பழகியிருந்த பேச்சு ஒரு நொடியில் இராயபுரத்துக்குத் திரும்பிவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் அவளுடைய விரல் கைபேசியில் மாமாவின் காசிமேட்டு எண்ணைத் தேடத் தொடங்கியிருந்தது. அந்த அழைப்பு போய்ச் சேருவதற்கு முன், அந்த அட்டை எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஸ்டெல்லா இங்கே செவிலியர். அவளுடைய வேலையை நம்பித்தான் நான் இந்நாட்டுக்கு வந்தேன். உடன் பணிபுரியும் ஒருத்தி அழைத்ததால், தேவாலயத்தின் பங்கு மன்றத்தில் நடக்கும் ஐரிஷ் நடன வகுப்புக்குப் பொழுதுபோக்காகப் போனாள். சில ஆண்டுகளில் சிறு பிள்ளைகளுக்கான வகுப்பை அவளிடமே ஒப்படைத்துவிட்டார் அதன் ஆசிரியை மொரீன். இப்போது அவள் ஆசிரியத் தகுதித் தேர்வுக்குப் பயின்றுகொண்டிருக்கிறாள். அத்தேர்வைப் பற்றி மொரீனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தேர்வு எழுதுபவர் தாமே ஆடிக்காட்ட வேண்டும். முன்பின் அறியாத பிள்ளைகளுக்குத் தேர்வாளர் கண்ணெதிரே கற்பிக்க வேண்டும். இசையைக் கேட்டவுடன் அது எவ்வகை ஆட்டத்துக்கு உரியது என்று சொல்ல வேண்டும். குழு ஆட்டங்களின் அமைப்பையும் எழுத்தில் விளக்க வேண்டும். மொரீனுக்கு முதலில் கற்பித்தவர் அவருடைய தாய். தாய்க்குக் கற்பித்தவர், மிதிவண்டியில் தேவாலயப் பங்குகள்தோறும் சென்று, மாலையில் எந்தச் சமையலறை திறந்திருக்கிறதோ அங்கே வகுப்பெடுத்த ஒருவர். அவருக்கும் முந்திய தலைமுறைகளில், ஊர் ஊராக அலைந்து பண்ணை வீடுகளில் தங்கிக் கற்பித்த ஆசான்கள் இருந்தார்களாம். மண்தரையில் காலோசை எழாது என்பதால் கதவைக் கழற்றித் தரையில் போட்டு அதன்மேல் ஆடுவார்களாம். இவற்றை மொரீன் சொன்னார். தாம் கேள்விப்பட்டது என்றே சொன்னார்.

அந்த மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வோர் ஆசிரியரைப் பற்றியும் ஒரு சிறு குறிப்பை எழுதிக் கதவில் ஒட்டிவைப்பார்கள். பரிசுகளைப் பற்றி எழுதுவது கட்டாயம் இல்லை. யாரிடம் கற்றார், அவர் யாரிடம் கற்றார் என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் அதைத்தான் படிப்பார்கள். "என்னிடம் வருவதற்கு முன்பே உன் காலில் தாளம் இருந்தது. அதை யார் கொடுத்தார்?" என்று மொரீன் ஸ்டெல்லாவிடம் கேட்டிருக்கிறார். அவள் மாமாவின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். குறிப்பை எழுதும் வேலை, எங்கள் வீட்டில் எழுத்து வேலை எல்லாம் வருவதுபோல், என்னிடம் வந்தது.

சவரி மாமா காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்குப் பனிக்கட்டி ஏற்றுபவர். தெருவில் ஒரு சாவு என்றால், பிணத்துக்கு முன்னே ஆடிச் செல்பவரும் அவரே. நான் அவரை முதலில் கண்டது அப்படித்தான். கல்மண்டபம் அருகே ஊர்வலம் கடந்துபோவதற்காக மிதிவண்டியோடு ஓரமாக நின்றிருந்தேன். மேளம் காதைப் பிளந்தது. சாலையெங்கும் செவ்வந்திப்பூ மிதிபட்டுக் கிடந்தது. கைலியை மடித்துக் கட்டி, கைக்குட்டையைப் பல்லில் கவ்வி, இரு கைகளையும் காற்றில் வெட்டி வெட்டி ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார். என் சட்டைமேல் விழுந்த இதழை நான் உதறினேன். திருவொற்றியூரில் எங்கள் வீட்டில், அத்தகைய மேளம் தெருமுனையில் கேட்டாலே அப்பா சன்னலைச் சாத்திவிடுவார். சில மாதங்கள் கழித்து ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் பெண் கேட்கப் போனபோது, எங்களுக்குக் கலர் சோடா உடைத்துக் கொடுத்தவர் அவரே. அப்பா அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நான் கண்டுகொண்டேன்.

அதே மாமாதான் சிறுமி ஸ்டெல்லாவைக் கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டியின்மேல் நிற்கவைத்து, மேளக்காரரின் அடியைக் காலால் திருப்பிச் சொல்லச் சொன்னவர். நான் எழுதிய குறிப்பில் அந்தப் பெட்டியும் இல்லை, மாமாவும் இல்லை. "மாமா எங்க?" என்று அவள் கேட்டாள். முறையான பயிற்சி என்பதற்கு ஆதாரம் இல்லாததை எழுதலாகாது என்றேன். உறுதிசெய்யப்படாதது என்று நான் ஒதுக்கியதை அவள் தன் கண்ணால் கண்டு, காலால் பயின்றிருந்தாள். அதைவிடப் பெரிய ஆதாரம் எது என்று அப்போது நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள், அவளுக்குத் தெரியாமல், மொரீனைத் தனியே பார்க்க மன்றத்துக்குப் போனேன். அந்த மாமாவைப் பற்றிக் குறிப்பில் எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதே என் நோக்கம். "என் மனைவியின் மாமா" என்று தொடங்கினேன். "ஓர் இறுதி ஊர்வலம்" என்றேன். அதற்குமேல் ஆங்கிலம் வரவில்லை. உண்மையில், வெட்கத்தால் குரலே வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். மொரீன் என் வலக்கையைத் தம் இரு கைகளாலும் பற்றினார். "உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன்" என்றார். இந்நாட்டில் இழவு வீட்டில் ஒவ்வொருவரும் சொல்லும் வாசகம் அது. அவர் என்ன நினைத்துக்கொண்டார் என்பது எனக்கு உடனே புரிந்தது. மறுப்பதற்கு ஒரு சொல் போதும். அதற்குள் பிள்ளைகள் காலணிப் பைகளோடு உள்ளே ஓடிவந்தார்கள். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வழியெல்லாம் எனக்கு இருந்தது நிம்மதி. இறந்த மாமாவைப் பற்றி யாரும் துருவிக் கேட்கமாட்டார்கள் என்ற நிம்மதி. இதை எழுதும்போதும் என் முகம் சுடுகிறது.

இனி அந்த அழைப்புக்கு வருகிறேன். ஸ்டெல்லா வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். காசிமேட்டில் அப்போது மாலை வேளை. கைபேசியின் ஒலிபெருக்கியில் மணி நெடுநேரம் அடித்தது.

"இன்னா கண்ணு, இந்நேரத்துல? டூட்டி இல்லியா?"

அவள் விம்மினாள்.

"ஏய், இன்னாச்சு? ஏன் அழுவுற? யாராவது பூட்டாங்களா?"

"நீதான் மாமா."

"நானா? எப்போ? எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லியே!" என்றவர், பக்கத்தில் இருந்தவர்களை நோக்கிக் கூவினார். "டேய், நான் செத்துட்டேனாம்டா! ஃபாரின்லேர்ந்து துக்கம் விசாரிக்கிறாங்கோ!" சிரிப்பொலி கேட்டது. ஸ்டெல்லா அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அப்பார்வையைக் கண்டபின் மறைப்பதற்கு ஏதும் இல்லை. அவர்கள் இருவருக்கும் கேட்க, நடந்ததைச் சொன்னேன்.

"இன்னா மாப்ள, பாடிய எட்த்தாச்சா? மேளம் யாரு, நம்ம செட்டா? பூ ஜாஸ்தி போடச் சொல்லு" என்றார் மாமா. எனக்குச் சிரிக்க வரவில்லை. அவரும் அதைக் கவனித்திருக்க வேண்டும், குரல் தணிந்தது. "அட, வுடு மாப்ள. இதுக்குப் போயி பேஜாராவாத. எனக்குத் தெரியாதா? பொணத்துக்கு ஆட்றவன்கிட்ட கத்துக்கினான்னு போட்டா எவன் புள்ளைய அனுப்புவான்? பரதநாட்டியம்னு போட்டுக்கோ. யாரு வந்து பாக்கப் போறாங்கோ?"

என் மனத்துக்குள் இருந்த வாக்கியம் அது. அதை அவருடைய வாயால் கேட்கும்படி ஆயிற்று. அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு உதவி செய்வதற்காகச் சொன்னார்.

"நீ சும்மா கெட மாமா. உம்பேருதான் வரும்" என்றாள் ஸ்டெல்லா.

"போட்டுக்கோ போ. ஆனா ஒண்ணு கேக்குறேன். நான் நெஜமாவே பூட்டா யாரு ஆட்றது? இப்போ பசங்க செல்லுல வீடியோ புட்ச்சிகினு நிக்கிறானுங்கோ. கால எட்த்து வைக்க மாட்றானுங்கோ."

"நான் ஆட்றேன்."

"நீயா? பொம்பள, ரோட்லயா?"

"ஆட்றேன் மாமா."

"நீ வர்றதுக்குள்ள எட்த்துடுவாங்க கண்ணு" என்றார்.

அழைப்பு முடிந்தபின் அவள் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் கூட வரமாட்டேன்."

டார்ட்டை நாங்கள் உண்ணவில்லை. வேறு பாத்திரத்துக்கு மாற்றினோம். தட்டை வெறுமையாகத் திருப்பித் தரவும் மனம் வரவில்லை. ஸ்டெல்லா சுட்ட பருப்புவடையை அதில் வைத்துக்கொண்டு மொரீன் வீட்டுக்குப் போனேன். மாமா உயிரோடிருக்கிறார் என்றேன். நலமாகிவிட்டாரா என்று கேட்டார். அவர் நோயுற்றதே இல்லை என்றேன். பிறகு முழுவதையும் சொன்னேன்: ஊர்வலம், ஆட்டம், என் வெட்கம். மொரீன் சிரிப்பார் என்றோ, ஆறுதல் சொல்வார் என்றோ எதிர்பார்த்திருந்தேன். அவர் வடைத்தட்டைப் பார்த்தபடியே இருந்தார். "என் அம்மாவுக்குக் கற்பித்தவர் குடிகாரர். அதுவும் கதவில் இருக்கிறது, நீங்கள் படித்ததில்லையா?" என்று கேட்டார். நான் படித்திருக்கிறேன். அதை எப்படி எழுதினார்கள் என்று வியந்தும் இருக்கிறேன். பிறகு, "குருவானவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், நாளை பூசையில் பெயர் வாசிக்கப்படும்" என்றார். போனேன். குருவானவர் அப்பெயரை இறந்தோருக்கான மன்றாட்டிலிருந்து எடுத்து, வாழ்வோருக்கான மன்றாட்டில் சேர்த்தார்.

ஆனால் ஊரில் பரவிய செய்தியை அவ்வளவு எளிதில் திரும்பப் பெற இயலவில்லை. ரொட்டிக் கடையிலும் அஞ்சலகத்திலும் யாராவது என் கையைப் பற்றி, "உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன்" என்கிறார்கள். அவர் இறக்கவில்லை என்கிறேன். பின் எப்படி அப்படி ஒரு செய்தி வந்தது என்று கேட்கிறார்கள். அவர் இறந்தவர்களுக்கு முன்னே ஆடுபவர் என்பதில் தொடங்கினால்தான் விடை முடிகிறது. யாருக்கும் தெரியக்கூடாது என்று நான் எதை மறைத்தேனோ, அதை ஒவ்வொரு கடைவாசலிலும் நானே நின்று அறிவித்துக்கொண்டிருக்கிறேன்.

கதவில் இப்போது இருக்கும் குறிப்பை ஸ்டெல்லா எழுதினாள். 'முதல் ஆசான்: தாய்மாமன் சவரிமுத்து. சென்னை இராயபுரத்தில் இறுதி ஊர்வலங்களின் முன்னே ஆடுபவர்.' நான் அதில் ஓர் எழுத்தையும் திருத்தவில்லை. பிள்ளைகள் யாரும் வகுப்பிலிருந்து நிற்கவில்லை.

சென்ற வாரம் அவள் வகுப்பெடுப்பதைக் காணொளியில் மாமாவுக்குக் காட்டினேன். பிள்ளைகளின் கால்கள் பறந்தன. கைகளோ விலாவோடு ஒட்டிக் கிடந்தன. "கால் நல்லா கீது. கைய ஏன் கட்டிப் போட்டுகீறாங்க?" என்றார். அந்நேரம் ஸ்டெல்லா முன்னால் நின்று ஆடிக்காட்டினாள். தோள் அசையவில்லை; முதுகு தூண்போல் நின்றது. பலகைத் தரையில் காலோசை இந்த ஊருக்குரியதாக ஒலித்தது. இடக்கையின் மணிக்கட்டு மட்டும், தொடையோடு ஒட்டியபடியே, காற்றை ஒருமுறை வெட்டியது. மொரீன் அதைக் கண்டார். தேர்வில் அதற்கு மதிப்பெண் குறையும் என்று பிறகு சொன்னார்.

இந்நடனத்தில் கைகளை ஏன் அசைப்பதில்லை என்பது தெரியவில்லை. மொரீன் தமக்குத் தெரியாது என்கிறார், தெரியும் என்பவர்களை நம்ப வேண்டாம் என்றும் சொல்கிறார். சவரி மாமாவுக்கு ஆடக் கற்பித்தவர் யார் என்பது தெரியவில்லை. அவரைக் கேட்டேன், நினைவில்லை என்றார். ஸ்டெல்லா தேர்வில் தேறுவாளா என்பதும் தெரியவில்லை. மாமா இறக்கும் நாளில், எடுப்பதற்குள் நாங்கள் கல்மண்டபம் போய்ச் சேர்வோமா, சேர்ந்தால் ஆடிச் செல்பவளின் பின்னே நான் நடப்பேனா, மிதிவண்டியோடு நின்ற அந்த ஓரத்திலேயே நின்றுவிடுவேனா என்பதும் தெரியவில்லை.